மஞ்சள் தண்ணீர் பட்ட வால்நட் அலுமாரி

வாசகரே, இந்த அலுமாரியின் முன் சாட்சியாக நில்லுங்கள். கனடாவின் மொன்ட்ரியால் நகரில், வில்லரே என்ற பகுதியில், கணவரைச் சென்ற வாரம் இழந்த ஆங்கில அம்மையாரின் வீடு இது. இங்கே வீட்டு வேலை செய்யும் என் ஒன்றுவிட்ட அக்கா வசந்தி, விவாதப் போட்டிக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என்னைத் துணைக்கு அழைத்திருக்கிறார்.

பழைய இங்கிலாந்துத் தச்சுவேலை. ஒரே வால்நட் கட்டையில் சீவிய மென்தகடுகளை, விரித்த புத்தகத்தின் இரு பக்கங்களைப் போல் ரேகை பொருந்த, மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையால் ஒட்டியிருக்கிறார்கள். துடக்கு என்னும் சாவுத் தீட்டுக் கழிய, அக்கா நேற்று வீட்டோடு இதையும் மஞ்சள் தண்ணீரால் கழுவியதில் பசை கரைந்து, தகடுகள் சுருண்டு தொங்குகின்றன.

"செத்த வீட்டைக் கழுவாமல் விடேலுமே? கூரை ஒழுகினதெண்டு இங்கிலிஷில சொல்லு தம்பி. எந்தப் பக்கமும் கதைச்சு வெல்லுறனி தானே!"

"கூரை காய்ஞ்சு கிடக்குதக்கா."

"வேலை போனா நீ போட்டியில வெல்லுற கோப்பையே சோறு போடும்?"

அம்மையார் உள்ளே வருகிறார். ஒரு தகட்டை விரலால் அழுத்துகிறார். அது முறிகிறது. யார் செய்தது என்று கேட்கிறார். நான் வாய் திறக்குமுன் அக்கா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறார். அம்மையார் அக்காவிடமிருந்து வீட்டுச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்கிறார்.

பஸ் தரிப்பில் உரக்கச் சொல்கிறேன்: "அக்கா, நாளைக்கு நான் அவவிட்டைத் திரும்பிப் போறன். வெல்லுறதுக்குக் கதைக்கமாட்டன். நீங்கள் மஞ்சள் தண்ணியால கழுவினது அவவின்ர மனிசனுக்குச் செய்த மரியாதையெண்டு சொல்லிப்போட்டு வருவன்."