செத்த கீபோர்டு

எண்பதுகளின் கடைசியில் அஸ்தம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே ஏசி போட்ட கண்ணாடி அறை. அதில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். முதலாளி இளம்பிள்ளைக்காரர். தறி வைத்துச் சம்பாதித்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். நூல் மில்களுக்கு வாரச் சம்பளச் சீட்டு அச்சடித்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. சீட்டுக்கு இவ்வளவு என்று கூலி.

வேலை என்று அதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. தொழிலாளியின் டோக்கன் நம்பரைத் தட்டி என்டர் அடித்தால் புரோகிராம் கேள்வி கேட்க ஆரம்பிக்கும். சரியா? ஒய், என்டர். அச்சடிக்கவா? ஒய், என்டர். பேப்பர் இருக்கிறதா? ஒய், என்டர். அடுத்த ஆளா? ஒய், என்டர். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு இரும்புப் பெட்டிக்கு ஆமாம் சாமி போட வேண்டும். அதை எழுதியவன் ஒரு நாளாவது உட்கார்ந்து அதில் சீட்டு அடித்திருந்தால் அவனே அதை உடைத்திருப்பான்.

பக்கத்து மெஷினில் ஒரு அக்கா. அவருக்கு ஏழு மாதம். வீட்டுக்காரர் போர் போடும் ரிக் வண்டியோடு ஆந்திராவுக்குப் போனவர், எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. அக்காவின் பாதம் இரண்டும் வீங்கிக் கிடக்கும். பிரசவம் வரைக்கும் தன் பங்கு வேலையைக் குறைக்காமல் முடித்துக் கொடுத்தால், திரும்பி வருகிறவரை நாற்காலியைக் காலியாக வைத்திருப்பேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவர் தினமும் வந்துகொண்டிருந்தார்.

சென்டரில், கம்ப்யூட்டரை இயக்கும் டாஸ் பற்றிய புத்தகத்தின் ஜெராக்ஸ் ஒன்று கிடந்தது. யாரும் தொடுவதில்லை. நான் படித்தேன். நாம் விசையில் தட்டப் போகிற பதில்களை எல்லாம் முன்கூட்டியே ஒரு ஃபைலில் வரிசையாக எழுதி வைத்துவிட்டு, புரோகிராம் பேருக்குப் பின்னால் ஒரு அம்புக்குறியும் அந்த ஃபைலின் பேரும் போட்டால் போதும் என்று அதில் இருந்தது. போட்டுப் பார்த்தேன். பதில் விரலிலிருந்து வருகிறதா, ஃபைலிலிருந்து வருகிறதா என்று அந்த முட்டாள் புரோகிராமுக்குத் தெரியவில்லை. தானே கேட்டது, தானே பதில் வாங்கிக்கொண்டது, பிரிண்டர் ஓடியது. மில்லில் வேலையை விட்டு நின்றவனின் வரிகளை மட்டும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கேள்விக்கு வேறொரு கேள்வியின் பதில் போய் எல்லாம் தடம் மாறும். அக்காவின் மெஷினிலும் அதையே செய்து கொடுத்தேன். அக்கா காலை ஒரு ஸ்டூல் மேல் தூக்கி வைத்தார்.

முதலாளி அதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மிணி, கையக் கட்டிக்கிட்டு உக்காரத்தான் ரெண்டு பேரும் வாரீங்களா?"

விளக்கிச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினார்.

"மில்லு பார்ட்டி வந்து கண்ணாடி வழியா பாக்கறப்ப இப்படி உக்காந்திருந்தா கூலி குடுப்பானா? எங்கூர்ல பாத்திருக்கறயா? முன்னால ஒரு கைத்தறி ஓடும். சேலை எடுக்க வாரவன் அதைத்தான் பாப்பான். பின்னால கொட்டாயில பவர்லூம் ஓடறது அவனுக்கு எதுக்குங்கறேன்? ஃபைலு பாட்டுக்கு ஓடட்டும். நீங்க தட்டிக்கிட்டே இருங்க."

புரோகிராம் ஓடும்போது சும்மா தட்டினால் மெஷின் பீப் பீப் என்று கத்தியது. அதற்கும் வழி கண்டுபிடித்தார். கெட்டுப்போன கீபோர்டு ஒன்றைக் கொண்டுவந்து அக்காவின் முன்னால் வைத்தார். ஒயர் எதிலும் சொருகவில்லை. யாராவது வந்தால் அக்கா அதைத் தட்ட வேண்டும். என்னைப் பிரிண்டரில் காகிதம் கிழிக்க விட்டார்.

இளம்பிள்ளையிலிருந்து ஒரு சேலை வியாபாரி தன் கடைக்குப் பில் அடிக்கக் கேட்டு வந்தார். அறைக்குள்ளேயே கூட்டிவந்தார் முதலாளி. வந்தவர் அக்காவின் கையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், கீழே குனிந்தார்.

"ஏனுங்க, ஒயரு தரையில கெடக்குதுங்க."

அக்காவின் விரல் நின்றது. முதலாளி அசடு வழிந்தார். வியாபாரியோ வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நம்மூரு வேலைய இங்கயும் கொண்டாந்துட்டீங்களே! அட, நிறுத்தாத அம்மிணி. பாக்கறதுக்கு அம்சமாத்தான் இருக்குது."

"அடி அம்மிணி, அடி," என்றார் முதலாளி, அவரும் சிரித்துக்கொண்டே.

அக்கா அடித்தார். தலை நிமிரவில்லை.

"அண்ணா, அக்காவுக்குக் காலு வீங்கிக் கெடக்குதுங்க," என்றேன்.

"அவ என்ன காலுலயா டைப் அடிக்கறா?"

மறுபடியும் இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் சொல்கிறேன், குமட்டுகிறது என்று. ஏமாற்றுகிறவன் ஒருத்தன், ஏமாறாமல் கண்டுபிடித்தவன் ஒருத்தன். இரண்டு பேருக்கும் அங்கே அசிங்கம் எதுவும் தெரியவில்லை.

சாயங்காலம் செருப்பு மாட்டும்போது, "ஏனக்கா அடிச்சீங்க?" என்று சண்டைக்குப் போனேன்.

"சேரு இருக்கோணும் அம்மிணி. நீ உங்கூரு புதுச்சத்திரத்துக்குப் போனா காடு தோட்டம் இருக்குது, ஊட்டுல சோறு இருக்குது. எனக்கு இந்தச் சேருதான்."

அக்கா பிரசவத்துக்குப் போனார். குழந்தை தலை நிற்க ஆரம்பித்ததும் அதைத் தூக்கிக்கொண்டு, தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வேலை கேட்டு வந்தார். அதற்குள் செத்த கீபோர்டை என் முன்னால் நகர்த்தி வைத்திருந்தார் முதலாளி.

"உன்ற வேலையத்தான் ஃபைலு செய்யுதே அம்மிணி. சும்மா தட்டறதுக்கு எவளா இருந்தா என்ன? அதுக்கு இவ இருக்கறா."

நான் செய்து கொடுத்த ஃபைல். எனக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டை ஒயரோடு தூக்கி அவர் மடியில் போட்டேன்.

"நீங்களே தட்டிக்கோங்க."

"போனா திரும்ப வராத," என்று கத்தினார்.

நான் எழுந்து வெளியே வந்து செருப்பைத் தேடினேன். அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே இருந்து முதலாளியின் குரல் வந்தது.

"நீ என்ன பாத்துக்கிட்டு நிக்கற? உனக்குத் தட்டத் தெரியுமல்லோ. வந்து உக்காரு."

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.