இரண்டாவது மாடியில் ஒரு ட்ராக்டர்

அம்பத்தூரில் இரண்டாவது மாடி வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பைக் நிறுத்தவே தினம் சண்டை போடுகிற எனக்கு ஒரு ட்ராக்டர் இருக்கிறதாம். அதற்கு வாங்கிய கடனை நான் கட்டவே இல்லையாம். என் கடன் அறிக்கை அப்படித்தான் சொன்னது. நாங்களோ பூந்தமல்லியில் ஒரு ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வீட்டுக்கடனுக்குக் காத்திருந்தோம். மாதக் கடைசிக்குள் கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் போச்சு. அது என் மனைவி நகையை விற்றுக் கொடுத்த பணம்.

ட்ராக்டருக்குக் கடன் கொடுத்த கம்பெனிக்கு ஓடினேன். "ட்ராக்டர் இல்லேங்கறதுக்கு ஒரு போட்டோ கொண்டாங்க சார்" என்றார் அதிகாரி. அடக் கடவுளே! இல்லாத வண்டியை எந்தப் பக்கமிருந்து படம் எடுப்பது? கத்தித் தீர்த்துவிட்டேன். கடைசியில், ஆள் அனுப்பி விசாரிப்பதாக ஒத்துக்கொண்டார்.

ஆள் வந்தபோது நான் ஆபீஸில் இருந்தேன். அவர் எங்கள் வாட்ச்மேனிடம் கேட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பற்றி யாராவது விசாரிக்க வந்தால், சம்பந்தம் பேச வந்தவரோ கடன் கொடுக்க வந்தவரோ, நாலு வார்த்தை கூட்டிச் சொல்லி அனுப்புவதுதான் மரியாதை.

"ட்ராக்டர் கீதானு கேட்டான் சார். ஒண்ணு இன்னா, ரெண்டு கீது, ஊர்ல ஓடிக்கினு கீதுன்னு அடிச்சு உட்டேன். உங்களுக்கு ஊடு கெடைக்கணும்ல?" என்றார் வாட்ச்மேன். அந்த மனுஷன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் திட்ட வாய் வரவில்லை.

விசாரணையில் ட்ராக்டர் உறுதியாகிவிட்டது என்று கடிதம் வந்தது. மறுபடி போய்க் கெஞ்சி, இன்னொரு விசாரணைக்கு நாள் வாங்கினேன். இந்த முறை வாட்ச்மேனுக்குப் பாடமே நடத்தினேன். "யார் வந்து கேட்டாலும் என்கிட்ட ஒண்ணுமே கிடையாதுன்னு சொல்லுங்கண்ணே."

"கவலய உடு சார். நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். ட்ராக்டர் அறிக்கையிலிருந்து ஒழிந்தது, என் கடன் ஸ்கோர் ஜம்மென்று ஏறியது. மனைவி கேசரி கிண்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கடன் வங்கியிலிருந்து போன் வந்தது.

"ஸ்கோர் பிரமாதம் சார். ஆனா நேத்து எங்க ஆள் உங்க பில்டிங்ல விசாரிச்சாரு. நீங்க மூணு மாசமா வாடகையே குடுக்கலையாம். டீக்குக்கூட வாட்ச்மேன்தான் காசு குடுக்கறாராம். லோன் தர முடியாது சார்."

அன்றைக்குத் தேதி முப்பது. போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மனைவி கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"பேங்க்கா? எப்ப வந்து கையெழுத்துப் போடச் சொல்றாங்க?" என்றாள்.