எடை மேடையில் தம் கட்டியவர்

மலேசியாவில், ரந்தாவ் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் லாரிகளின் எடையைப் பதியும் எடை மேடைக் கிராணி நான். குலை ஏற்றிய லாரிகள் வரிசையில் நிற்கும்போது, ஒரு டிரைவர் மட்டும் மடிக்கணினியைப் பார்த்தபடி, கன்னம் உப்ப, முகம் சிவக்க உட்கார்ந்திருப்பார். முதல் நாள் பதறிப்போய்த் தண்ணீர் போத்தலோடு ஓடினேன்.

“நெஞ்சு வலியாண்ணே?”

கையைக் காட்டி என்னை நிறுத்தியவர், கொஞ்சம் கழித்துத்தான் மூச்சை விட்டார்.

“பாட்டும்மா. சொல்லையும் மெட்டையும் போட்டா இந்த சாப்ட்வேர் பொண்ணு பாடும். ஆனா மூச்சே எடுக்காது லா. கேக்குற நமக்குத்தான் முட்டும். அதான் ஒவ்வொரு வரிக்கும் நான் தம் கட்டிப் பாத்து, எனக்கு முடியாத இடத்துல அதுக்கு மூச்சு வைக்கிறேன்.”

சென்ற மாதம் புதிய சாப்ட்வேர் வந்தது. அது தானாகவே மூச்சு எடுத்துப் பாடுமாம். மனிதர் பிழைத்தார் என்று நினைத்தேன். மறுநாளும் கன்னம் உப்பித்தான் இருந்தது.

“இது சோம்பேறிம்மா. இது மூச்சு எடுக்கிற இடத்துல எனக்கு இன்னும் பாதி மூச்சு மிச்சம் இருக்கு. எல்லாத்தையும் அழிச்சு என் கணக்குக்கு மாத்திட்டேன்.”

கோயில் திருவிழாவில் அவர் அமைத்த அந்தப் பாட்டைப் போட்டார்கள். சேர்ந்து பாடிய நாங்கள் இரண்டாவது வரியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டோம். இத்தனை வருடம் தம் கட்டிய பழக்கத்தில் அவருடைய நுரையீரலின் பலம் எங்கேயோ போயிருந்தது. அசராமல் நின்றது ஒலிபெருக்கியும் அவரும்தான்.

“இவ்வளவு தம் இருக்கே, நீங்களே பாடலாமேண்ணே?”

“குரல் கழுதைக் குரல்மா,” என்றார் வெட்கத்தோடு. “மூச்சு மட்டுந்தான் நம்மளது.”