வாசலில் வைத்த சொம்பு

அக்கா காலமாகி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் எல்லோரும் அக்காவை அறிந்தவர்கள். ஆனால் அக்காவுக்கு வந்த நோயின் பெயரை வாய்விட்டுச் சொன்னவர்கள் உங்களில் மிகச் சிலரே. நெஞ்சுச் சளி என்றோம், உடம்புக்கு முடியவில்லை என்றோம், அந்தச் சீக்கு என்று குரலைத் தாழ்த்தினோம். அதன் பெயர் காசநோய். அக்கா அதிலிருந்து முழுமையாகக் குணமடைந்தார். குணப்படுத்தியவர்கள் அரசு மருத்துவமனை ஊழியர்கள்.

அச்சுக்குப் போகும் முன் இதைச் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏஞ் சாமி, இதெல்லாம் எழுதோணுமா? உடல்நலம் குன்றியிருந்தார்னு ஒரு வரி போட்டாப் போதாதா? நாளைக்கு நம்ம ஊட்டுப் புள்ளைகளுக்கு நாலு எடத்துல பொண்ணு கேக்கப் போகோணுமல்லோ?"

"அக்கா ஊரறியச் சொல்லிப்போட்டாங்க சித்தப்பா. நான் புதுசா ஒண்ணும் சொல்லலீங்க."

அந்த வரிகள் அப்படியே இருக்கின்றன.

அக்கா பிறந்தது குண்டடம் பக்கத்தில், மானாவாரிக் காட்டை நம்பிய குடும்பத்தில். எனக்கு மூத்தவர். அவிநாசியில் மணம் முடித்துக் கொடுத்தோம். மகள் பள்ளிக்குப் போகும் முன்பே மாமா தவறிவிட்டார். பிறந்த வீட்டுக்குத் திரும்பி வரச் சொன்னார்கள். அக்கா வரவில்லை. குழந்தையோடு திருப்பூருக்கு வந்து, ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தார். "குடியானவர் வீட்டுப் பெண் தையலுக்குப் போவதா" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பலர் பிற்பாடு அதே தொழிலில்தான் வீடு கட்டினார்கள். அக்கா சில வருடங்களில் ஒரு தகர ஷெட்டை வாடகைக்கு எடுத்து, குழந்தைகளுக்கான உள்பனியன் தைத்துக் கொடுக்கும் சிறு யூனிட் தொடங்கினார். நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பில் இருந்தேன். ஒரே வளவில், பொது வாசல் கொண்ட அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்தோம்.

இருமல் தொடங்கியபோது திருப்பூரில் எல்லோரும் செய்யும் தவறைத்தான் நாங்களும் செய்தோம். இந்த ஊரில் யார் இருமினாலும் பஞ்சுத் தூசி என்போம். நாட்டுச் சர்க்கரையும் வாழைப்பழமும் தின்றால் தூசி இறங்கிவிடும் என்பது தொழிலாளர் முதல் முதலாளி வரை எல்லோருடைய நம்பிக்கை. அக்கா மாதக்கணக்கில் நாட்டுச் சர்க்கரை தின்றார். உடல் மெலிந்தது; வேலை அலுப்பு என்றோம். ஒரு நாள் வாயைத் துடைத்த, வெட்டிக் கழித்த வெள்ளை வேஸ்ட் துணியில் இரத்தம் இருந்தது. துணியை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல், அரசு மருத்துவமனைக்குத் தானே பஸ் ஏறினார். அப்போது திருப்பூர் இன்னும் கோவை மாவட்டத்தில்தான் இருந்தது.

சளியைச் சோதித்துக் காசநோய் என்றார்கள். கோயமுத்தூரில் தெரியாத இடமாகப் பார்த்துத் தனியாரிடம் காட்டலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். அக்கா கேட்டது ஒரே கேள்வி: "தெரியாத எடத்துல இருமுனா இருமல் இல்லீன்னு ஆயிருமாங்க?"

அரசு மருத்துவமனையில் மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடமாட்டார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய், செவிலியர் கண்முன்னால் விழுங்க வேண்டும். அந்தப் பொறுப்பில் இருந்தவர் ரோஸ்லின் சிஸ்டர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவர் கணவர் ஒரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. அக்கா பயந்துபோய் சிஸ்டரிடம் சொன்னார்.

"ஏனுங்க சிஸ்டர், சாயப்பட்டறைத் தண்ணியாட்டப் போகுதுங்க."

"அது மாத்திர வேல செய்யிதுன்னு அர்த்தம்க்கா. சாயம் ஓடுற நொய்யலுக்குப் பயந்தா திருப்பூர்ல குடியிருக்க முடியுமா?"

துணைக்குப் போயிருந்த நான் அக்கா சிரித்ததைப் பார்த்தேன். நோய் தெரிந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் முறை.

வீட்டில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. நம் பக்கத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் சொம்பில் தண்ணீர் கொடுப்போம். அதை வாங்கிக் குடித்த பிறகுதான் பேச்சு. குடிக்காமல் வைத்தால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். செய்தி கசிந்ததும் எங்கள் வாசலில் சொம்பு நிறைந்தபடியே இருந்தது. "இப்பத்தான் வழியில குடிச்சோமுங்க" என்றார்கள். வெயிலில் நடந்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள்.

அக்கா மகளைப் பெண் பார்க்க ஒரு நல்ல இடம் வந்தது அந்தச் சமயத்தில்தான். நோய் தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும் என்று சித்தப்பா எல்லோர் வாயையும் கட்டியிருந்தார். அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று மாத்திரை நாள். அக்கா மருத்துவமனைக்குப் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். யாரோ அவர்கள் காதிலும் போட்டிருக்க வேண்டும். கொடுத்த சொம்பை வாங்கி அப்படியே கீழே வைத்தார்கள். அந்த நேரத்தில் வெயிலில் வியர்த்துப்போய் ரோஸ்லின் சிஸ்டர் வந்து நின்றார்.

"என்னக்கா, இன்னைக்கு வரலியே? ஒரு வேளையும் விடக் கூடாதுன்னு சொன்னேன்லா?"

சித்தப்பா குறுக்கே விழுந்தார். "கம்பெனில செக்கிங் பாக்கற பொண்ணுங்க. அப்பறம் வா கண்ணு."

சிஸ்டருக்கு நிலைமை புரிந்தது. திரும்பிப் போக அடி எடுத்து வைத்தார். அப்போது அக்கா எழுந்தார். வாய் திறந்தால் மகளின் கல்யாணம் அந்த நிமிடமே நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். மகள் அறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க சித்தப்பா. இவங்க ஆஸ்பத்திரி சிஸ்டருங்க. எனக்கு டிபி. எம் பொண்ணுக்கு இல்லீங்க, பரிசோதனை பண்ணியாச்சு. எனக்கு மாத்திரை குடுக்க இந்த வெயில்ல வந்திருக்கறாங்க. அவங்கள நான் வேற ஆளுன்னு சொல்லி அனுப்பமாட்டனுங்க."

மாப்பிள்ளை வீட்டார் கீழே வைத்த சொம்பையே எடுத்தார். வாய் வைத்துக் குடித்து, சிஸ்டர் நீட்டிய மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கினார். சிஸ்டர் அந்தச் சொம்பை அக்காவின் கையிலிருந்து வாங்கி மீதித் தண்ணீரைக் குடித்தார்.

"தண்ணியில எல்லாம் இது ஒட்டாது" என்றார், யாரையும் பார்க்காமல். "வெயில் கொல்லுது. இன்னுங் கொஞ்சம் தாங்கக்கா."

மாப்பிள்ளை வீட்டார் போய்விட்டார்கள். சித்தப்பா அக்காவிடம் வெகுநாள் பேசவில்லை. அக்கா ஒரு வேளையும் தவறாமல் மருந்தை முடித்தார். சளியில் கிருமி இல்லை என்ற முடிவு வந்த அன்று, மருத்துவமனைக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்தார். மற்ற நோயாளிகள் நன்றிக்காகக் ஏற்றுமதியில் கழிபட்ட செகண்ட்ஸ் பனியனைக் கொண்டுவந்து, சிஸ்டர் வேண்டாம் என்றாலும் நாற்காலியில் போட்டுவிட்டு ஓடுவார்கள். வார்டு ஊழியரில் பாதிப் பேர் அதைப் போட்டுக்கொண்டு ஏதோ வெளிநாட்டுக் கால்பந்து அணிபோலத் திரிவார்கள். அக்கா கட்டிங்கில் மிஞ்சிய துணியை ஒட்டுப்போட்டு வார்டுக்குத் தலையணை உறைகள் தைத்தார். ஆரஞ்சு, கிளிப்பச்சை, கோடு போட்டது. ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. கிழியக் கிழிய, இறக்கும் வரை தைத்துக் கொடுத்தார்.

இரண்டு வருடம் கழித்து வெள்ளகோவிலிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தாயார் வாசலிலேயே நின்றார்.

"அந்தச் சொம்பு எங்கீங்க? அதுலயே தண்ணி குடுங்க. எங்க ஊட்டுக்காரரும் அந்த மாத்திரைல பொழச்சவருங்க. நாங்க வெளிய சொல்லலீங்க. நீங்க சொன்னது அங்க வரைக்கும் வந்துச்சுங்க."

கல்யாணத்தில் முதல் பந்தியில் சம்பந்திகளுக்கு அடுத்து ரோஸ்லின் சிஸ்டரையும், வார்டு கூட்டிய ஆயாவையும், எக்ஸ்ரே எடுத்தவரையும் அக்கா கையைப் பிடித்து உட்கார வைத்தார். எழுந்து போனவர்கள் உண்டு. அந்த இலைகளில் வேறு ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

அக்கா மாரடைப்பால் இறந்தார். பழைய சீக்குதான் என்று இழவு வீட்டிலேயே பேசினீர்கள், காதில் விழுந்தது. அது பொய். அக்காவின் நுரையீரலைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களின் உழைப்பை அந்தப் பேச்சு அழிக்கிறது. அதற்கு இடம் கொடுக்கமாட்டேன்.

அக்காவுக்கு மாத்திரை கொடுத்த, கடிந்துகொண்ட, தேடி வந்த, வார்டு கூட்டிய, எந்தப் பெயர்ப்பலகையிலும் இடம்பெறாத அத்தனை ஊழியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இறுதி நாளில் தோள் கொடுத்த வளவுக்காரர்களுக்கும், மிஷினை நிறுத்திவிட்டு வந்த யூனிட் பெண்களுக்கும், பேச்சை விட்டாலும் பாடையைத் தூக்க முன்னால் நின்ற சித்தப்பாவுக்கும் நன்றி. மலரின் முதல் பிரதியை ரோஸ்லின் சிஸ்டர் பெற்றுக்கொள்வார்.

நினைவு நாளன்று வருகிறவர்களுக்கு ஒரு சொல். வாசலில் ஒரு சொம்பில் தண்ணீர் இருக்கும். அக்கா வாய் வைத்துக் குடித்த சொம்பு அது. வேறு சொம்பு வைக்கப்போவதில்லை. குடித்துவிட்டு உள்ளே வாருங்கள். குடிக்க மனமில்லாதவர்களுக்கும் சாப்பாடு உண்டு. "வழியில் குடித்தோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.