பாலத்தில் நின்ற வேன்

"உங்க கை பட்ட வண்டிதான் அக்கா! உங்க கை பட்ட வண்டிதான் என் பொண்டாட்டியை நட்டநடுப் பாலத்துல பிள்ளை பெற வச்சுது!"

வேன்காரர் பட்டறை வாசலில் நின்று கத்திய கத்தலில் எதிர்ச்சாரிப் பூட்டுக்கடைக்காரர் எழுந்து வெளியே வந்துவிட்டார். பக்கத்துத் தையற்கடையில் மெஷின்கள் நின்றன. தெரு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது. அத்தனை பேர் கண்ணும் மொய்க்க, கணவரின் பழைய சட்டையை மேலே போட்டுக்கொண்டு, கையெல்லாம் கிரீஸாக, குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டவளைப் போல நின்றாள் டாப்பெட் அக்கா.

நடந்தது இதுதான். முந்தின நாள் காலை வேன்காரரின் மனைவிக்கு வலி கண்டது. அவர் தன் வேனிலேயே அவளைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் வேன் இழுக்க மாட்டாமல் திணறியது, உதறியது, நின்றேவிட்டது. எத்தனை தடவை ஸ்டார்ட் செய்தும் உயிர் வரவில்லை. பின்னால் வந்த வண்டியிலிருந்து யாரோ ஒரு புண்ணியவதி இறங்கி ஓடிவந்து கைகொடுக்க, ஹாரன் சத்தங்களுக்கு நடுவே அந்தக் குழந்தை உலகத்தைப் பார்த்தது. தாயும் சேயும் நலம். ஆனால் கொஞ்சம் பிசகியிருந்தால்? அந்தக் "கொஞ்சம் பிசகியிருந்தால்" தான் வேன்காரரின் தொண்டையில் உட்கார்ந்துகொண்டு அவரைக் கத்த வைத்தது. பெற்றவன் வயிறு, எரியாமல் என்ன செய்யும்?

சரி, யார் இந்த டாப்பெட் அக்கா?

கல்யாணமாகி இந்தப் பட்டறை வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஸ்குரூ டிரைவர் எது, ஸ்பானர் எது என்றுகூடத் தெரியாது. கவுன்டரில் உட்கார்ந்து ஸ்பேர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், கணவர் வால்வுகளைத் தேய்க்கும் அழகைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் எழுந்து வந்தாள். "தள்ளுங்க, மாவாட்டற மாதிரி ஆட்டறீங்க" என்று குச்சியைப் பிடுங்கினாள். அன்று பிடித்தவள்தான். வால்வு தன் இருக்கையில் ஒட்ட உட்காரும்வரை மணல்போல் நறநறக்கும் பசையைத் தடவித் தேய்ப்பாள். பிறகு இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கவிழ்த்து மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வருவாள். கசிவு கண்ணில் பட்டதோ, மறுபடியும் முதலிலிருந்து.

அவளுக்கு வால்வு என்பது இன்ஜினோடு முடிகிற விஷயமில்லை. மாடி வீட்டுக்காரர்கள் தண்ணீர்க் குழாயின் கேட் வால்வைப் பாதி திறந்து வைத்தால் இவளுக்கு இங்கே உடம்பு எரியும். "அது முழுசாத் திறக்கறதுக்கும் முழுசா மூடறதுக்கும் இருக்குங்க! பாதியில நிறுத்தினா உள்ள இருக்கற தட்டு ஆடி ஆடித் தேஞ்சுபோகும். தண்ணியைக் குறைக்கணும்னா அதுக்குன்னு வேற வால்வு இருக்கு, அதை வாங்கிப் போடுங்க!" என்று படியேறிப் போய்ச் சண்டை பிடிப்பாள். சலவைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவர், நீராவிக் குழாய்க்குப் போட வேண்டுமென்று வீட்டுக் குழாய்க்கான வால்வை மலிவாக வாங்கிக் கொண்டுபோவதைப் பார்த்துவிட்டு, நடுத்தெருவில் அவர் பையைப் பிடித்து இழுத்தவள். "அது ரப்பர் வாஷர்ங்க, ஆவி பட்டா வெந்துரும், அப்புறம் நீங்க வெந்துருவீங்க!" அவர் இன்றைக்கும் அவளைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். ஆனால் வால்வை மாற்றிவிட்டார்.

ஆனாலும் அவள் பேர் வாங்கியது டாப்பெட்டில்தான். இன்ஜினில் வால்வைத் தட்டித் திறக்கும் டாப்பெட் என்கிற கைக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட வேண்டும். விசிறிபோல விரியும் மெல்லிய எஃகுத் தகடுகளை வைத்துக்கொண்டு, தகடு லேசாக உரசிப் போகிறதா என்று விரலாலேயே கேட்டு அவள் அந்த இடைவெளியை வைப்பாள். வால்வு நெருப்பில் வேலை செய்கிறது. சூட்டில் அது நீளும். நீளுவதற்கு இடம் இருந்தால்தான் ஒவ்வொரு முறையும் இருக்கையில் முழுக்க உட்காரும். உட்கார்ந்தால்தான் அதன் சூடு இறங்கும். இடமில்லாவிட்டால் உட்கார முடியாமல் தொங்கிக்கொண்டே கிடந்து ஓரம் கருகிப்போகும். அந்த இடைவெளி இருப்பதால் இன்ஜின் லேசாக டிக் டிக் என்று தட்டும். அவளும் ஓயாமல் பேசுவாள். "என் வீட்டுல ரெண்டு டாப்பெட், ரெண்டுக்கும் வாய் மூடாது" என்று கணவர் வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கைக்குத்தான் இன்று களங்கம்!

பாலத்திலிருந்து கட்டி இழுத்து வந்த வேனின் ஹெட்டை, பட்டறையில் கூட வேலை பார்க்கும் கொழுந்தன் ஏற்கெனவே கழற்றி மேசைமேல் வைத்திருந்தான். வால்வை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். புகை போகும் வால்வு. அதன் ஓரத்தில் எலி கடித்த ரொட்டிபோல ஒரு துண்டு கரைந்து போயிருந்தது.

"இடைவெளி இல்லாமச் செத்திருக்கு" என்றாள் உடனே. நிஜத்தைச் சொல்ல அவளுக்கு யோசிக்கத் தெரியாது.

கொழுந்தன் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "இடைவெளி வச்சது யாரு அண்ணி?"

பூட்டுக்கடைக்காரர் "ச்சு" கொட்டினார். அவள் வாயிலிருந்து வந்த வார்த்தையே அவள் கழுத்தைப் பிடித்தது.

"நான் சரியாத்தான் வச்சேன். நான் வேலை முடிச்சு விட்டதுக்கு அப்புறம் யாராவது அதைத் தொட்டீங்களா?" அவள் வேன்காரரைப் பார்த்துக் கேட்டாள். வேன்காரர் ஒரு கணம் கொழுந்தனைப் பார்த்தார்.

"யாரு தொடப் போறா? வேற பட்டறை வாசப்படிகூட நான் மிதிச்சதில்ல."

அதுவரை ஓரமாக நின்ற கணவர் முன்னால் வந்தார். "போன வருஷத்துல இருந்தே இப்படித்தான் ஆகுது. பால் வண்டிக்காரருக்கும் இதே வால்வுதானே போச்சு? அந்த மினி லாரிக்கும் இதேதானே? உனக்குக் கண்ணு மங்குதுன்னு நெனைக்கறேன். இனிமே நீ ஹெட்டுல கை வைக்க வேண்டாம். தம்பி பாத்துக்கட்டும். நீ பழையபடி கவுன்டர்ல உக்காரு."

"என்னங்க..."

"அந்தப் பொண்ணைப் பாத்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வந்துரு. பெரிய மனசு பண்ணி விட்டுருவாங்க."

ஐயோ, அந்தக் கணத்தில் அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! தெருவே பார்க்க அறை வாங்கியிருந்தால்கூட அந்த முகம் அப்படிச் சிவந்திருக்காது. எத்தனை வருட உழைப்பு! எத்தனை இன்ஜின்கள்! கட்டிய கணவன், ஒரே வாக்கியத்தில், அத்தனையையும் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த எஃகுத் தகடுகளை ஒவ்வொன்றாக விரித்ததுதான். ஒவ்வொன்றிலும் பொறித்திருக்கும் எண்ணைப் படித்தாள். தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி எது எந்தத் தகடு என்று சொல்லிப் பார்த்தாள். சரியாகவே வந்தது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. பால் வண்டி? மினி லாரி? எல்லாம் தன் கை பட்ட வண்டிகள்தானே? ஒருவேளை இந்தக் கைதான் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டதோ? அடுத்தவர் பழி சுமத்துவதைத் தாங்கிக்கொள்ளலாம். தன் விரலையே சந்தேகப்படும் கொடுமை இருக்கிறதே, அது பகைவனுக்கும் வேண்டாம்.

மறுநாள் ஒரு பை பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

வேன்காரரின் மனைவி சுவரோரக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் துணிச்சுருளுக்குள் சிவப்பாக ஒரு முகம். அக்கா கதவருகேயே நின்றாள்.

"ஏன்கா அங்கேயே நிக்கறீங்க? வாங்க, உக்காருங்க. அவரு ரொம்பக் கத்தினாராமே? மனசுல வச்சுக்காதீங்க. பயத்துல மனுஷனுக்கு வாய் நிக்கல."

"தப்பு என் மேலதான்மா." அவள் பழப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "உன்னை அந்த இடத்துல... அந்தப் பாலத்துல... என்னை மன்னிச்சுரும்மா."

"அய்ய, என்னக்கா இது! உங்க பட்டறை மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. எவ்ளோ பாசமாப் பாப்பீங்க எல்லாரும். நீங்க வண்டியை விட்ட மறுநாளே, டிக் டிக்னு சத்தம் வருது, ஏறுறவங்க எல்லாம் தையல் மெஷின்னு கிண்டல் பண்றாங்கன்னு இவரு புலம்பிட்டே உங்க பட்டறைக்கு வந்தாரு. நானும் முன்சீட்டுல இருந்தேன். நீங்க எங்கயோ வெளிய போயிருந்தீங்க. உங்க கொழுந்தனாரு ஸ்பானரைப் போட்டு இப்படி ஒரு திருப்புத் திருப்பினாரு பாருங்க, வண்டி பூனை மாதிரி ஆயிருச்சு! அக்காகிட்ட சொல்லாதீங்க, வருத்தப்படுவாங்கன்னு கூடச் சொன்னாரு. எவ்ளோ நல்ல மனசு! உங்க வீட்டுக்காரரும் சும்மா இல்ல, பக்கத்துலயே நின்னு டார்ச் அடிச்சாரு."

பழப்பை அக்காவின் கையிலிருந்து நழுவிக் கட்டிலில் விழுந்தது.

"யாரு டார்ச் அடிச்சா?"

"உங்க வீட்டுக்காரருதான்கா. ஏன்?"

அக்கா குழந்தையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள். தகடு பிடிக்கும் அதே விரல். பிறகு விறுவிறுவென்று வெளியே நடந்தாள். பொங்கி வந்த அழுகை ஆஸ்பத்திரிப் படி இறங்குவதற்குள் வற்றிப்போய், அந்த இடத்தில் தீ மூண்டிருந்தது.

பட்டறையில் வேன்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கொழுந்தன் புது வால்வின் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தான். கணவர் டீ கிளாஸைக் கையில் வைத்திருந்தார்.

"டார்ச் எங்கங்க?" என்றாள் அவள், உள்ளே நுழைந்ததும்.

"எந்த டார்ச்?"

"என் வேலையைக் கெடுக்க உங்க தம்பிக்கு வெளிச்சம் காட்டினீங்களே, அந்த டார்ச்!"

டீ கிளாஸ் மேசைக்குப் போயிற்று. கொழுந்தன் தரையில் எதையோ தேட ஆரம்பித்தான்.

"கத்தாத. தெருவுல கேக்குது."

"நேத்து இவரு கத்தினப்போ தெருவுக்குக் காது இல்லையா? நான் குனிஞ்சு நின்னேனே, அப்ப உங்களுக்குத் தெரு தெரியலையா?" அவள் வேன்காரர் பக்கம் திரும்பினாள். "நீங்க! ஊரைக் கூட்டி என் மானத்தை வாங்கினீங்களே, அந்த ஒரு திருப்பை மட்டும் ஏன் முழுங்கினீங்க?"

வேன்காரர் எழுந்தே விட்டார். "சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. சத்தம் நின்னுச்சு, வண்டி குணமாயிருச்சுன்னு நெனச்சேன். நோயைத்தானே சொல்லுவாங்க? வைத்தியம் பாத்தவரை யாரு காட்டிக்கொடுப்பா?"

"அது வைத்தியமில்ல, இடைவெளியை இறுக்கிக் கழுத்தை நெரிச்சது! கழுத்தை நெரிச்சாலும்தான் சத்தம் நிக்கும்!"

பூட்டுக்கடைக்காரர் மறுபடியும் வாசலுக்கு வந்திருந்தார். இந்த முறை அவர் "ச்சு" கொட்டவில்லை.

"எத்தனை வண்டி?" அவள் கொழுந்தனைக் கேட்டாள். "நான் விட்டதுல எத்தனை வண்டியை இப்படி இறுக்கின? பால் வண்டி?"

அவன் தலையாட்டினான்.

"மினி லாரி?"

"அண்ணி, கேட்டவங்களுக்கு மட்டும்தான்..."

"கேக்காதவங்க யாரு?"

அவன் புது வால்வைக் கைக்குள் உருட்டினான். கணவர்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். "இங்க பாரு, நாலு பட்டறை இருக்கற தெரு இது. சத்தம் வருதுன்னு ஒருத்தன் அடுத்த பட்டறைக்குப் போனா அத்தோட போயிருவான். உன்கிட்டச் சொன்னா நீ ஒரு மணி நேரம் பாடம் நடத்துவ. அதான் உனக்குத் தெரியாம... எல்லாம் நம்ம நல்லதுக்குத்தான்."

"வால்வு கருகி வந்தப்போ? அப்பவாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே? ஒரு வருஷமா மறைச்சீங்க. நேத்து முழுக்க என் கண்ணைச் சந்தேகப்பட்டேன், கையைச் சந்தேகப்பட்டேன். நேத்து ராத்திரி ஒரு வாய் சோறு இறங்கல எனக்கு. நீங்க எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்களே, எப்படிங்க இறங்குச்சு உங்களுக்கு?"

அவர் தலை குனிந்தது. இந்த உலகத்தில் பெண்ணின் உழைப்பைத் திருடுகிறவர்கள் பூட்டை உடைத்துக்கொண்டு வருவதில்லை. எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்!

அவள் கொழுந்தனின் கையிலிருந்த புது வால்வை வாங்கிக்கொண்டாள். பசை டப்பாவைத் திறந்தாள். யாரும் தடுக்கவில்லை. வாசலில் கூட்டம் கூடியதையும் அவள் பார்க்கவில்லை. தேய்த்து, துடைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி, காத்திருந்து, ஹெட்டை ஏற்றி, தகடு வைத்து, ஒவ்வொரு வால்வாக இடைவெளி விட்டாள். வேன் உறுமி எழுந்தது. டிக் டிக் என்று தெளிவாகத் தட்டியது.

"சத்தம் வருது. பரவாயில்லையா?" என்று வேன்காரரைக் கேட்டாள்.

"வரட்டும்கா" என்றார் அவர்.

"அவ்ளோதானே, விடு. இனிமே ஹெட்டு வேலை உன்னோடதுதான், யாரும் தொட மாட்டோம்" என்றார் கணவர், பெரிய வரம் கொடுப்பவர்போல. "நடந்தது இந்தத் தெருவோட போகட்டும்."

"தெருவோட எப்படிங்க போகும்? கழுத்து நெரிஞ்ச வண்டி இன்னும் எத்தனை ரோட்டுல ஓடிட்டு இருக்கு? அதுல யாரு பொண்டாட்டி, யாரு பிள்ளை ஏறப் போகுதோ?"

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பட்டறை போனை எடுத்தாள். கணவருக்கு அப்போதுதான் புரிந்தது. பாய்ந்து வந்தார்.

"ஏய், வேண்டாம். ஊருக்கே சொல்லப் போறியா? பட்டறை மானம் போயிரும்!"

"போகட்டும். என் மானம் போனப்போ நீங்க டார்ச் பிடிச்சீங்க. இப்பவும் பிடிங்க."

முதலில் பால் வண்டிக்காரரைக் கூப்பிட்டாள். அடுத்தது மினி லாரி. பிறகு கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர்க்காரர். "வண்டியைக் கொண்டு வாங்க. எங்க பட்டறைல தப்புப் பண்ணிட்டாங்க. காசு கிடையாது, நான் சரி பண்ணித் தரேன்." ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள். சிலர் திட்டினார்கள். வாங்கிக்கொண்டாள். கொழுந்தன் சுவரோரம் நின்று ஒவ்வொரு திட்டையும் கேட்டான். கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே வந்து, "அண்ணி, அந்த ஆட்டோ ஸ்டாண்டுல ரெண்டு இருக்கு. அது நீங்க மறந்துட்டீங்க" என்றான். அவள் அவனை முறைத்துவிட்டு அந்த எண்களையும் அழுத்தினாள்.

ஆட்டோக்காரர் சிரித்தார். "என்னக்கா நீங்க, என் வண்டி இப்ப சத்தமே இல்லாம ஜம்முனு ஓடுது. எதுக்கு வரச் சொல்றீங்க?"

"அதுக்குத்தான் வரச் சொல்றேன்" என்றாள் டாப்பெட் அக்கா. "இருக்கற சவாரியை இறக்கி விட்டுட்டு உடனே வாங்க."