என் தோளில் ஆறு கஜம்

புடவைக் கடையில் நிற்கிற ஆண்பிள்ளைக்கு வலது தோள்தான் சொந்தம். இடது தோள் கடைக்கு.

காலையில் வேலைக்குப் போகிற வாசலைக் கடக்கும்போதே முகத்தை மாற்றிக்கொண்டு உள்ளே போகிறவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் பெயர் தாணு. பழவங்காடியில் ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடியில், பட்டுப் பிரிவில், பதினோரு வருடமாக நிற்கிறேன். வேலை இதுதான்: வாங்க வந்தவர் கை காட்டுகிற புடவையைப் பிரித்து, கொசுவம் வைத்து, என் தோளிலேயே போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று காட்டவேண்டும். தமிழ் பேசுகிறவர்களிடம் தமிழில் திரும்பி நிற்பேன், மலையாளம் பேசுகிறவர்களிடம் மலையாளத்தில் திரும்பி நிற்பேன். மீசையோடு ஒருவன் புடவையில் நிற்பதைப் பார்த்துக் கடைக்குள் யாரும் சிரிப்பதில்லை. கடைக்கு வெளியே நிலைமை வேறு. எனக்கு முப்பத்துநாலு வயதாகியும் கல்யாணம் ஆகாததற்கு இந்தத் தோள்தான் காரணம் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும் என்பது மட்டும் சமீபகாலம் வரை யாருக்கும் தெரியாது.

முதல் நீலம்

சேர்ந்த புதிதில் எனக்கு மூட்டை தூக்குகிற வேலைதான். ஒருநாள் பட்டுப் பிரிவில் இரண்டு பேர் லீவு. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தனியாக வந்து, கருநீலப் புடவை ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, போட்டுக் காட்டச் சொன்னார். வேறு வழியில்லாமல் தோளில் போட்டேன். கண்ணாடியைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கீழே பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைகிற சத்தம் நாள் முழுக்க ஓயாது; அன்று அதுவும் காதில் விழவில்லை. அந்த நீலத்துக்குள் எங்கேயோ இறங்கிப் போய்க்கொண்டிருந்தேன், அங்கே குளிர்ச்சியாக இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. விழித்துப் பார்த்தபோது டீச்சர் அதே புடவையை மடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். போகும்போது என் கன்னத்தைத் தட்டிச் சொன்னார்: “மோனே, நீ கண்ணை அடைச்சு நின்னப்போதான் எனக்கு இந்த சாரி இஷ்டப்பட்டது.”

கண்ணாடியும் ஆளும்

எங்கள் மாடிக்கு சூப்பர்வைசர் ஸ்ரீகுமார் சார். நல்ல மனிதர். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று: யார் எதை எடுத்தாலும் ‘சூப்பர்’ என்று சொல்லவேண்டும். எனக்கு அது மட்டும் வராது. ஒரு பேங்க் அம்மா கடுகு மஞ்சளில் ஒரு பட்டை எடுத்து, கண்ணாடியில் பார்த்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டார். “மேடம், இது உங்க முகத்தைக் களைப்பாக் காட்டுது. அந்தப் பச்சையை ஒரு தடவை வச்சுப் பாருங்க” என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா பச்சையையும் எடுக்கவில்லை, மஞ்சளையும் எடுக்கவில்லை, படியிறங்கிப் போய்விட்டார்.

சார் என்னைத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. “எடோ தாணு, கண்ணாடி கள்ளம் சொல்லாது. அதனாலதான் பக்கத்துல ஒரு ஆளை நிறுத்தியிருக்கு.”

மாம்பழக் கலர்

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கொடுப்பதற்கு முன்னால், மாப்பிள்ளை வேலை செய்கிற இடத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஆள் போய்ப் பார்த்துவிட்டு வருவார். நாகர்கோவிலிலிருந்து எனக்கு முதல் சம்பந்தம் வந்தபோது, பெண்ணின் தாய்மாமன் அப்படி வந்தார். எனக்கு அது தெரியாது. முகூர்த்தப் பட்டு வேண்டும் என்றார். நாலு புடவை போட்டுக் காட்டினேன். மற்றவர்கள் புடவையைப் பார்ப்பார்கள். இவர் என் முகத்தையே பார்த்தார். மாம்பழக் கலரில் ஒன்றைப் போட்டபோது, ஒருதரம் திரும்பி நில்லுங்க என்றார். ரசிகர் என்று நினைத்துச் சந்தோஷமாகத் திரும்பி நின்றேன். கூடவே முந்தியையும் விரித்துக் காட்டினேன்.

புடவை எடுக்காமலே போனார். இரண்டு நாள் கழித்துத் தரகர் அவருடைய பதிலை அப்படியே வந்து ஒப்பித்தார். அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. அடுத்து வந்த சம்பந்தமும் ஏறக்குறைய இதே மாதிரிதான் போயிற்று, ஆனால் முதல் பதிலில் இருந்த அழகு அதில் இல்லை. அந்தத் தாய்மாமன் சொல்லி அனுப்பியது இது: “பையன் தங்கமான பையன்தான். ஆனா மாப்பிள்ளைன்னு நெனச்சுப் பாத்தா, அந்த மாம்பழக் கலர்லதான் கண்ணுல வந்து நிக்கான்.”

பொன்முடியிலிருந்து வந்தவர்கள்

ஒரு மழைநாள் மத்தியானம். பொன்முடி எஸ்டேட்டிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் முதல் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். மகளுக்குக் கல்யாணம். மகள் வெளியூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள், லீவு கிடைக்கவில்லை. அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எம் மக உங்க உசரந்தான் தம்பி. அவளா நெனச்சுக்கிட்டு நில்லுங்க” என்றார். பதினோரு வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அரக்குச் சிவப்பில் ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

அப்போது கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் ஓடுவதற்கு ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம் மாடி முழுக்க மழை வெளிச்சம் மட்டும் இருந்தது. அந்த அம்மா கிட்டே வந்து என் தோளில் கிடந்த பட்டைத் தொட்டார், மடிப்பைச் சரிசெய்தார், கையை எடுக்கவில்லை. எனக்கு நிஜமாகவே பனிக்குள் ஒரு வளைவுச் சாலையில் ஏறிப் போவது போல இருந்தது. மேலே எஸ்டேட் தொழிலாளிகளின் லைன் வீடு ஒன்றில் விளக்கு எரிகிறது, எனக்காக யாரோ வாசலில் நிற்கிறார்கள், நான் அந்த வீட்டை விட்டுப் போகப்போகிற பெண். தாணு அந்த நிமிடத்தில் இல்லவே இல்லை. இதை யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் மாம்பழக் கலர் மாமாவே பரவாயில்லை என்று ஆகிவிடும். விளக்கு வந்தபோது அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். புருஷன் குடையை எடுத்துக்கொண்டு சொன்னார்: “போதும் விடு புள்ள. பஸ்ஸை விட்டா வேற பஸ் கெடையாது, இன்னுங் கொஞ்ச நேரம் நின்னா அந்தத் தம்பியும் அழுதுருவாரு.”

உட்கார்ந்த வேலை

மூன்றாவது சம்பந்தம் கரமனையிலிருந்து வந்தது. பெண்ணின் பெயர் பகவதி. ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறாள். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அவளைக் கட்டவேண்டும் என்று ஆசை. இதைச் சொல்வதில் வெட்கமில்லை. அக்காவின் புருஷன், எங்கள் அத்தான், இந்த முறை களத்தில் நேரடியாக இறங்கினார். “ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணணும்னு பெரியவங்க சொல்லியிருக்கா. நான் ஒரே ஒரு பொய்தான் சொல்லுகேன். நீ ஆபீஸ்ல உக்காந்து வேல பாக்குறே” என்றார். பொய் வேண்டாம் அத்தான் என்றேன். “அப்பம் அத நெசமாக்கு. மொதலாளிகிட்ட ஒரு நாற்காலி கேளு” என்றார்.

கேட்டேன், கொடுத்தார்கள். மூன்றாவது மாடியில் ஸ்டாக் ரூம்; ஏசி, சுழலும் நாற்காலி, கம்ப்யூட்டர், இருந்த இடத்துக்கே சாயா. வருகிற புடவைக்கு ஸ்டிக்கர் ஒட்டி எண்ணைப் பதியவேண்டும். தாணு ரட்சப்பட்டான், பிழைத்துக்கொண்டான் என்று கடையே சொன்னது. மூன்று வாரம் அங்கே இருந்தேன். எத்தனையோ புடவை கையில் வந்து போனது, ஒரு நிறம்கூட ஞாபகமில்லை. சாயங்காலமானால் கால் வலிக்கவில்லை, அது ஒன்றுதான் லாபம். கனவில்கூட எண்கள்தான் வந்தன. பெண்வீட்டார் வந்து விசாரித்துவிட்டு, மாப்பிள்ளை ஏசி ரூமில் இருக்கிறார் என்று திருப்தியாகப் போனார்களாம். நான் கண்ணாடியைப் பார்த்தே நாளாகியிருந்தது. ஒருநாள் என்னோடு பட்டுப் பிரிவில் நின்ற பிந்து சேச்சி ஒரு புடவைக் கட்டை இறக்கிவைக்க மேலே வந்தார். கதவருகே நின்று கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார். “தாணு, நீ கீழேயும் இல்ல, இங்க உக்காந்திருக்கறதும் நீயில்ல. பின்னே நீ எங்கதான் போயி?”

கரமனை வீட்டில்

அந்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போனோம்; நான், அம்மா, அக்கா, அத்தான். பகவதி காபி கொண்டுவந்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. கூட்டாமல் குறைக்காமல், எல்லாருக்கும் ஒரே அளவில் இருந்தது அது. எனக்கு அது உடனே தெரிந்துவிட்டது. பல்வலியோடு வருகிறவர்களுக்கு நாள் முழுக்கச் சிரிக்கிற சிரிப்பு அது; வாசலில் முகத்தை மாற்றிக்கொள்கிற நம் ஜாதிச் சிரிப்பு. அவளுக்கும் அவளுடைய வீட்டார் என்ன சொல்லிக் கொடுத்திருப்பார்களோ என்று நினைத்தேன். அத்தான் பேசிக்கொண்டே போனார். எனக்குக் கீழே ஏழெட்டுப் பேர் வேலை செய்கிறார்களாம். ஏசியை நான் சொன்னால்தான் போடுவார்களாம். பகவதியின் அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். இன்னும் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. அப்படி முடிந்தால் ஆயுசு முழுக்க அந்தச் சுழலும் நாற்காலியில் இருக்கவேண்டும் என்பதும் தெரிந்தது. பயமாக இருந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போது பகவதியின் அத்தை உள்ளேயிருந்து ஒரு புடவையை எடுத்துக்கொண்டு வந்தார். “மாப்பிள்ளை ஜவுளிக்கடை ஆபீசருல்லா, இது நல்ல பட்டுதானான்னு சொல்லட்டும்” என்று என் மடியில் வைத்தார். வெங்காயத்தோல் நிறம். கிளிப்பச்சைக் கரை. முந்தியில் தாமரைக் கொடி. மூன்று வாரத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் நிறம் அது. விரலால் கரையைத் தடவினேன் என்பது வரை ஞாபகம் இருக்கிறது. பிறகு ஒரு குளத்தோரம் போல எங்கேயோ இருந்தேன், வெயில் இளசாக இருந்தது, யாரும் அவசரப்படுத்தவில்லை.

விழித்தபோது நான் அவர்கள் வீட்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஐந்து மடிப்பு கொசுவம் என் பெல்ட்டில் செருகியிருந்தது. முந்தி இடது தோளில் கிடந்தது. ஒரு காலை முன்னால் வைத்து, முக்கால் பாகம் திரும்பி, “சேச்சி, ஒண்ணு வெளிச்சத்துல பாருங்க, முகத்துக்கு நல்ல எடுப்பா இருக்கும்” என்று பகவதியின் அத்தையைப் பார்த்துச் சொல்லியும் முடித்திருந்தேன். அத்தானின் காபி டம்ளர் பாதி வழியில் நின்றுபோயிருந்தது. அம்மா தரையைப் பார்த்தாள். பகவதியின் அப்பா மெதுவாக, “ஆபீஸ்ல இதுவும் பாக்கணுமோ?” என்று கேட்டார். இல்லை என்று சொல்ல அத்தான் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். “ஆபீஸ் மூணு வாரமாத்தான் மாமா. பதினோரு வருசமா நான் பாக்குற வேலை இதுதான். எனக்கு இதுதான் பிடிக்கும்” என்றேன். புடவையைக் கழற்றக் கை வரவில்லை, கழற்றினால் எல்லாம் முடிந்துவிடும் போலிருந்தது.

பகவதி சமையலறை வாசலிலிருந்து கூடத்துக்கு வந்தாள். அந்தச் சிரிப்பு இப்போது முகத்தில் இல்லை. யாரையும் பார்க்காமல், என் முகத்தையும் பார்க்காமல், கண்ணாடியில் தெரிந்த புடவையை மட்டும் தலையைச் சாய்த்துக் கவனமாகப் பார்த்தாள். வாங்கத்தான் போகிறோம் என்று முடிவுசெய்துவிட்டவர்கள் பார்ப்பது போல. பிறகு சொன்னாள்: “முந்தியக் கொஞ்சம் எறக்கி விடுங்க. தாமரை முழுசாத் தெரியல.”

வாய் ஒளித்ததைத் தோள் காட்டிக் கொடுத்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே என்ன வேலை என்று போடுவது என்பதைத்தான் அத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.