மூன்றாம் குழாயில் ஒரு அடைப்பு

முப்பது வருடமாக ஊரார் வீட்டு அடைப்பையெல்லாம் எடுத்த பிளம்பருக்குச் சொந்த மொட்டை மாடியில் புத்தி அடைத்துப்போனது. இப்படி அவரே தன்னைச் சொல்லிக்கொள்வார், சொல்வதற்கு மனைவி ஏதாவது மிச்சம் வைத்திருந்தால்.

மண்ணே இல்லாமல் குழாய்க்குள் கீரை வளர்க்கலாம், சத்து கரைத்த தண்ணீர் வேரை நனைத்தபடி ஓடினால் போதும் என்று செல்போனில் பார்த்தார். குழாயைப் பற்றி அவருக்கா சொல்லித்தர வேண்டும்! மாடியிலிருந்த துணிக்கொடியை அவிழ்த்துப் போட்டுவிட்டு நான்கு குழாய்களைக் கிடத்தி, ஸ்பாஞ்சுத் துண்டுகளில் செருகிய கீரை நாற்றுகளை அவற்றில் வரிசையாக வைத்தார்.

"நாப்பது நாள் தரேன்," என்றாள் மனைவி. "அதுக்குள்ள ஒரு வேளைக்காவது கீரை வரணும். இல்லேன்னா குழாயைக் கழட்டிட்டு என் கொடியைக் கட்டிருவேன்."

"நாப்பது எதுக்கு? முப்பதே போதும்." வாய் சும்மா இருந்தால்தானே!

வேலையில் குறை சொல்ல முடியாது. ஒரு சொட்டுக் கசிவில்லை. சாய்வும் அப்படியொரு சாய்வு. மேலே விட்ட தண்ணீர் கண்ணை மூடித் திறப்பதற்குள் கீழே வாளியில் விழுந்தது. எங்கேயாவது தண்ணீர் தேங்கினால் அவருக்குச் சோறு இறங்காது. மூன்றாம் குழாயின் கீழ்வாயில் மட்டும் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு சிக்கி, தண்ணீர் தயங்கித் தயங்கி வந்தது. நாளைக்கு எடுக்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். சொந்த வீட்டு வேலை என்றால் எந்தத் தொழிலாளிக்கும் நாளைதான்.

இருபத்தெட்டாம் நாள் அவர் கண்ணில் பட்ட நாற்றெல்லாம் நூல் நூலாகக் காய்ந்து தொங்கின. அவமானத்தை மறைக்க ஏதாவது செய்தாக வேண்டும். கம்பியை எடுத்து அந்த அடைப்பைக் குத்தப்போனார்.

"ஐயோ, கையை எடுங்க!" துணி வாளியோடு மேலே வந்த மனைவி கத்தினாள். "கண்ணு அவிஞ்சா போச்சு? அது ஒண்ணுலதானே பச்சையா நிக்குது!"

நின்றது. உள்ளங்கை அகலத்துக்கு இலை.

"மத்ததுல தண்ணி வேரைத் தொடறதுக்குள்ள ஓடிருது. நீங்க கட்டினது தோட்டமில்ல, சாக்கடை."

"நல்ல சாக்கடைதானே?" என்றார் சின்னக் குரலில்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு கைப்பிடி பறித்தாள். சிக்கனமாகச் சாப்பிட்டால் இரண்டு பேருக்கு ஒரு வேளை. சொன்ன சொல் மாறவில்லை, கொடியைக் கேட்கவில்லை. ஈரத்துணியை மட்டும் மற்ற மூன்று குழாய்களின் மேல் வரிசையாகப் போட்டுவிட்டு இறங்கிப்போனாள்.

மறுநாள் காலை அவர் அந்த மூன்றின் வாயிலும் ஸ்பாஞ்சை வெட்டித் திணித்தார். வாடிக்கைக்காரர் யாரும் பார்க்கவில்லையே என்று தெருவை இரண்டு முறை எட்டிப் பார்த்த பிறகுதான்.